வயிற்றில் குழந்தை, கோர்ட்டில் வழக்கு: கர்ப்பிணித் தாய் அறிய வேண்டியவை



கர்ப்பிணிப் பெண் சத்துள்ள உணவு உண்ண வேண்டும், இரும்புச் சத்து மாத்திரை தவறாமல் சாப்பிட வேண்டும், மாதா மாதம் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று நாம் அடிக்கடி சொல்லி வருகிறோம். இந்தப் பாடத்தில் வேறொரு விஷயத்தைப் பார்ப்போம். மாத்திரை மருந்தால் தீராத கவலை ஒன்று சில தாய்மார்களுக்கு இருக்கிறது. "முழுகாம இருக்கிற நேரத்துல புருஷன் விவாகரத்து நோட்டீஸ் அனுப்பிட்டாரே, பிறக்கப்போற பிள்ளைக்கு இனி யாரு அப்பா?" என்பதே அந்தக் கவலை.

இந்த நிலையில் உள்ள பெண்ணிடம் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "வயித்துல பிள்ளை இருந்தா விவாகரத்தே செல்லாது" என்பார் ஒருவர். "தீர்த்து விட்டாச்சுன்னா பிள்ளைக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்பார் இன்னொருவர். "டெஸ்ட் எடுத்துக் காட்டினாத்தான் அப்பன்னு ஒத்துக்குவாங்க" என்று மூன்றாமவர் பயமுறுத்துவார். மூன்றுமே தவறு. சரி எது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கர்ப்பமாக இருக்கும்போது விவாகரத்து ஆகுமா?

ஆகும். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில், மனைவி கர்ப்பமாக இருந்தால் விவாகரத்து கூடாது என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. ஆகவே, "நான் கர்ப்பிணி, கேஸ் தானா நின்னுடும்" என்று நம்பி வீட்டில் உட்கார்ந்து விடாதீர்கள். சம்மனை வாங்காமல் இருந்தாலும், வாங்கிவிட்டுப் போகாமல் இருந்தாலும், நீங்கள் இல்லாமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி விடலாம். இதைத்தான் கோர்ட்டில் எக்ஸ்பார்ட்டி என்கிறார்கள்.

மசக்கை அதிகமாக இருக்கிறதா? இரத்த அழுத்தம் கூடியிருக்கிறதா? பிரசவ நாள் நெருங்கி விட்டதா? டாக்டரிடம் சான்று வாங்கி, வக்கீல் மூலம் வாய்தா கேளுங்கள். சொல்லாமல் இருந்து விடுவதுதான் கெடுதல். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிட்டாலும், அதை நீக்கும்படி 30 நாளுக்குள் மனு போடலாம். சம்மன் முறைப்படி உங்கள் கைக்கு வரவே இல்லையென்றால், தீர்ப்பு உங்களுக்குத் தெரிய வந்த நாளிலிருந்து அந்த 30 நாள் கணக்கு.

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்கி "அத்து விடுவது" சில இடங்களில் இன்றும் நடக்கிறது. ஒரு சமூகத்தில் நெடுங்கால வழக்கமாக இருந்து, அதைக் கோர்ட்டில் நிரூபிக்க முடிந்தால் மட்டுமே அப்படிப்பட்ட பிரிவினையைச் சட்டம் ஏற்கும். மற்றபடி அந்தத் தாளால் திருமணம் முறியாது.

விவாகரத்து ஆனால் தகப்பன் உறவு போய்விடுமா?

போகாது. விவாகரத்து கணவன் மனைவி உறவை முடிக்கிறது. தகப்பன் பிள்ளை உறவை முடிக்காது.

இதற்கான சட்டம் மிகப் பழையது. 1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவில் அது இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய அதிநியம் நடைமுறையில் உள்ளது. அதன் 116-ஆம் பிரிவு அதே விதியைச் சொல்கிறது:

அ) செல்லத்தக்க திருமணம் நடப்பில் இருக்கும்போது பிறந்த குழந்தை, அந்தக் கணவனின் முறையான குழந்தை.

ஆ) திருமணம் முறிந்த பிறகும், 280 நாளுக்குள் பிறந்து, அதுவரை தாய் மறுமணம் செய்யாமல் இருந்தால், அதுவும் அந்தக் கணவனின் முறையான குழந்தையே.

இ) "என் குழந்தை இல்லை" என்று ஒருவர் சொன்னால், கரு உண்டாகியிருக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் நெருங்க வாய்ப்பே இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். தாய் நிரூபிக்க வேண்டியதில்லை.

280 நாள் என்றால் தாய்மார்களுக்குப் புதிதல்ல. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் கூட்டித்தான் நர்சம்மா பிரசவத் தேதி குறிக்கிறார். ஆனால் நர்சம்மா எண்ணத் தொடங்குவது மாதவிலக்கு நாளிலிருந்து. சட்டம் எண்ணத் தொடங்குவது திருமணம் முறிந்த நாளிலிருந்து. இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

ஒரு கணக்கு

செல்வி என்று ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவள் கணவன் விவாகரத்து வழக்குப் போட்டிருக்கிறான். நடுவில் பெரியவர்கள் சமாதானம் பேச, 2024 டிசம்பர் கடைசியில் இருவரும் பதினைந்து நாள் ஒன்றாக இருந்தார்கள். மறுபடி சண்டை. தை பிறந்ததும் செல்வி தாய்வீடு போய்விட்டாள். அவளுடைய கடைசி மாதவிலக்கு 2024 டிசம்பர் 14. மசக்கையில் படுத்துக் கிடந்த அவள் கோர்ட்டுக்குப் போகவில்லை. 2025 மார்ச் 3 அன்று எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிட்டது.

அன்றைக்கு அவள் 11 வாரக் கர்ப்பிணி. நர்சம்மா கணக்கில் பிரசவத் தேதி 2025 செப்டம்பர் 20. சட்டத்தின் கணக்கில் 280 நாள் முடிவது 2025 டிசம்பர் 8. செப்டம்பர் 20-இல் குழந்தை பிறந்தால் அது தீர்ப்புக்குப் பின் 201-ஆம் நாள். ஆகவே குழந்தைக்குத் தகப்பன் அந்தக் கணவனே. "கேஸ் நடக்கும்போது எப்படிப் பிள்ளை வரும்?" என்று அவன் கேட்டால், அந்தப் பதினைந்து நாளே அதற்குப் பதில். எத்தனை நாள் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று சட்டம் கேட்கவில்லை. நெருங்க வாய்ப்பு இருந்ததா, இல்லையா என்றுதான் கேட்கிறது.

280 நாளுக்கு அப்புறம் பிறந்தால்? அப்போது இந்தச் சட்ட அனுமானம் துணைக்கு வராது. அதற்காக அவர் தகப்பனே இல்லை என்று ஆகிவிடாது. வேறு சாட்சியங்களால் தாய் தரப்பு நிரூபிக்க வேண்டியிருக்கும்.

பிரசவத்துக்கு முன்பே தாய் வேறொருவரை மணந்துகொண்டால்? அந்தப் புதிய திருமணத்தில் பிறந்த குழந்தை என்பதால், சட்டத்தின் பார்வை புதிய கணவன் மேல் திரும்பும். ஆகையால் பிரசவம் வரை மறுமணத்தைத் தள்ளி வைப்பதே குழந்தைக்குக் குழப்பம் இல்லாத வழி.

கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

இந்தப் பாடத்தில் மிக முக்கியமான பகுதி இதுதான்.

இருவரும் சம்மதித்து விவாகரத்து கேட்பதற்கு இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவு வழி செய்கிறது. அதற்கு இருவரும் ஓராண்டு அல்லது அதற்கு மேல் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஆகவே மனுவில், "ஓராண்டுக்கு மேலாக எங்களுக்குள் தாம்பத்திய உறவு எதுவும் இல்லை" என்று வழக்கமாக ஒரு வரி வந்துவிடும். டைப் அடித்த தாளில் அந்த வரி நடுவில் எங்கோ இருக்கும். "சீக்கிரம் முடிச்சுக்கலாம்மா, இங்க ஒரு கையெழுத்துப் போடு" என்பார்கள்.

நீங்கள் நான்கு மாதக் கர்ப்பிணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டாக உறவு இல்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்டால் என்ன அர்த்தம்? வயிற்றில் உள்ள குழந்தை அவருடையது அல்ல என்று நாளைக்கு வாதாட, நீங்களே சாட்சி எழுதிக் கொடுத்த மாதிரி. கஷ்டத்திலிருந்து விடுபடும் அவசரத்தில் போட்ட ஒரு கையெழுத்துக்காக, குழந்தை பின்னால் பல ஆண்டு வழக்காட வேண்டி வரும்.

ஆகையால், கர்ப்பத்தை மறைக்காமல் உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். மனு முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நடக்காததை நடந்ததாகவோ, நடந்ததை நடக்கவில்லை என்றோ எழுத விடாதீர்கள். பிரிவது என்று இருவரும் முடிவு செய்திருந்தால், பிறக்கப்போகும் குழந்தை இன்னாருடையது என்பதையும், பிரசவச் செலவு, குழந்தையின் பராமரிப்பு, தகப்பன் வந்து பார்ப்பது ஆகியவற்றையும் கோர்ட்டிலேயே எழுத்தில் பதிவு செய்யுங்கள். தீர்ப்பு ஆகும் வரை உங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு.

"குழந்தைக்காக எந்தப் பணமும் கேட்க மாட்டேன்" என்று எழுதிக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? மனம் உடைய வேண்டாம். பராமரிப்பு குழந்தையின் உரிமை. தாய் எழுதிக் கொடுத்த தாளால் அது அழிந்து போகாது.

டெஸ்ட் எடுக்கச் சொன்னால்?

டி.என்.ஏ. பரிசோதனை என்ற பேச்சு வந்தவுடன் பல பெண்கள் நடுங்கிப் போகிறார்கள். கணவன் கேட்டவுடனே கோர்ட் அதற்கு உத்தரவு போட்டுவிடாது. இரத்தப் பரிசோதனைக்குச் சாதாரணமாக உத்தரவிடக் கூடாது என்று 1993-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கணவன் மனைவி சண்டையில் குழந்தையை ஆயுதமாக்கக் கூடாது, குழந்தையின் பிறப்பைக் கேள்விக்குள்ளாக்கும் பரிசோதனைக்குச் சுலபமாக அனுமதி தரக் கூடாது என்ற கருத்தை 2023-இலும் அது வலியுறுத்தியது.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பரிசோதனை நடந்து முடிந்து, முடிவு சட்ட அனுமானத்துக்கு நேர் மாறாக வந்த ஒரு வழக்கில், விஞ்ஞான முடிவையே உச்ச நீதிமன்றம் 2014-இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே வீட்டில் பேசிக்கொண்டு, "சந்தேகம் தீரட்டும்" என்று தனியார் பரிசோதனைக் கூடத்துக்கு ஓடாதீர்கள். முதலில் வக்கீலைக் கேளுங்கள்.

நர்சம்மா தரும் அட்டையும் சாட்சியம்தான்

கரு எப்போது உண்டானது என்ற கேள்வி வந்தால், பதில் நம் சுகாதார நிலையத்துப் பதிவிலும் இருக்கிறது. ஆகவே:

1. நாள் தள்ளிப் போனவுடன் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். கணவன் வீட்டில் இருந்தாலும் தாய்வீட்டில் இருந்தாலும் பதிவு செய்யலாம். கணவன் கூட வர வேண்டிய அவசியம் இல்லை.

2. கடைசி மாதவிலக்குத் தேதியைச் சரியாகச் சொல்லுங்கள். "பொங்கலுக்கு முன்னாடி எப்பவோ" என்று சொல்லாதீர்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள்.

3. முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன், கர்ப்பத்தின் வயதை மற்ற மாதங்களில் எடுப்பதைவிடத் துல்லியமாகக் காட்டும். அந்த ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

4. தாய் சேய் நல அட்டை, கர்ப்பப் பதிவு எண், திருமணப் பதிவுச் சான்று, கல்யாணப் பத்திரிகை, போட்டோ, கணவன் பணம் அனுப்பிய ரசீது, போனில் வந்த செய்திகள், கோர்ட்டிலிருந்து வந்த தாள்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். ஜெராக்ஸ் எடுத்து நம்பிக்கையான உறவினரிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

பிறப்புப் பதிவு

குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் பிறப்பு பதிவாக வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் ஆஸ்பத்திரியே தகவல் கொடுக்கும். பிரசவ வார்டில் படிவம் நிரப்பும்போது தகப்பன் பெயரை யார் சொல்கிறார்கள், எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். கோபத்தில் பெயரை விட்டுவிடச் சொல்வது, "மாமன் பேரையே போட்டுடுங்க" என்று தாய்மாமன் பெயரைத் தகப்பன் இடத்தில் எழுத வைப்பது, இரண்டும் கூடாது. பிறகு திருத்துவது பெரும்பாடு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றுதான் ஆதாரம். குழந்தைக்குப் பெயர் வைக்காவிட்டாலும் பிறப்பைப் பதிவு செய்யலாம். பெயரைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

பிறப்புச் சான்றில் பெயர் இருப்பது நல்ல ஆதாரம். ஆனால் வழக்கு என்று வந்தால் அது மட்டுமே முடிவான தீர்ப்பு ஆகாது. மற்ற ஆதாரங்களும் தேவை. குடும்ப நல நீதிமன்றத்தில், குழந்தை முறையான குழந்தை என்று அறிவிக்கும்படி வழக்குத் தொடுக்கவும் 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டம் வழி செய்கிறது.

சாப்பாட்டுக்கும் பிரசவத்துக்கும் பணம்

விவாகரத்து வழக்கு நடக்கும்போதே, சொந்த வருமானம் போதாத மனைவி, இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் இடைக்காலச் செலவுத் தொகை கேட்கலாம். கணவனுக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை 60 நாளுக்குள் அந்த மனுவை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. குழந்தை பிறந்த பிறகு, அதன் பராமரிப்புக்கும் படிப்புக்கும் 26-ஆம் பிரிவில் உத்தரவு கேட்கலாம். தீர்ப்புக்குப் பிறகும் கேட்கலாம்.

எந்த மதத்தினரும் மாஜிஸ்திரேட்டிடமோ குடும்ப நல நீதிமன்றத்திலோ ஜீவனாம்சம் கேட்கும் வழி, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு. குழந்தை திருமணத்தில் பிறந்ததா, திருமணம் இன்றிப் பிறந்ததா என்று அது பேதம் பார்ப்பதில்லை. இரண்டாம் தாரமாகச் செய்த திருமணம் செல்லாது என்று ஆனாலும், அதில் பிறந்த குழந்தை முறையான குழந்தையே என்று இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு காப்பாற்றுகிறது.

இஸ்லாமியச் சகோதரிகளுக்கு: கர்ப்பிணியின் இத்தா காலம் பிரசவம் வரை. அந்தக் காலச் செலவும், குழந்தை பிறந்ததிலிருந்து இரண்டாண்டு வரை அதை வளர்க்கும் செலவும் முன்னாள் கணவனிடம் பெற 1986-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. ஒரே மூச்சில் முத்தலாக் சொல்வது செல்லாது என்று 2019-இல் சட்டமே வந்துவிட்டது.

வயிற்றில் இருக்கும்போதே குழந்தைக்குச் சொத்துரிமையும் உண்டு. தகப்பன் உயில் எழுதாமல் இறந்து, அப்போது கருவில் இருந்த குழந்தை பின்னர் உயிருடன் பிறந்தால், முன்பே பிறந்த பிள்ளைக்கு உள்ள அதே வாரிசுரிமை அதற்கும் உண்டு என்று 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு கூறுகிறது.

"கலைச்சுடு" என்று கட்டாயப்படுத்தினால்

வேண்டுமா வேண்டாமா என்பது அந்தத் தாயின் முடிவு. புருஷன் வீட்டாரோ, பிறந்த வீட்டாரோ கட்டாயப்படுத்த முடியாது. 1971-ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும். கணவன் கையெழுத்து தேவையில்லை. சட்டம் சொல்லும் காரணங்கள் இருந்தால் 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தின் பேரில் செய்யலாம். 2021 திருத்தத்துக்குப் பின், கர்ப்ப காலத்தில் விவாகரத்து ஆன பெண்ணும் கணவனை இழந்த பெண்ணும் இரண்டு டாக்டர்களின் கருத்தின் பேரில் 24 வாரம் வரை செய்துகொள்ளலாம். அங்கீகரிக்கப்பட்ட ஆஸ்பத்திரியில் மட்டுமே செய்துகொள்ள வேண்டும். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கித் தாமே விழுங்குவது உயிருக்கு ஆபத்து.

யாரிடம் போவது?

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, எந்தப் பெண்ணுக்கும், எந்தக் குழந்தைக்கும், வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஜில்லா கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகா கோர்ட்டில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. போனில் கேட்க 15100. அடி உதை, வீட்டை விட்டுத் துரத்துதல் போன்ற கொடுமை இருந்தால் 181-க்குப் பேசுங்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம், 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மனு கொடுக்கலாம்.

கோர்ட்டுக்குப் போகும் நாளிலும் வேளைக்குச் சாப்பிடுங்கள். தண்ணீரும் ஏதாவது தின்பண்டமும் பையில் இருக்கட்டும். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். வாய்தாவும் பரிசோதனை நாளும் ஒரே நாளில் வந்தால், பரிசோதனையை விட்டுவிடாமல் அடுத்த நாளே வந்து செய்துகொள்ளுங்கள். தலைவலி, கண் மங்கல், கை கால் முகம் வீக்கம், உதிரப் போக்கு, வயிற்றில் குழந்தை அசைவு குறைதல், இவற்றில் எது இருந்தாலும் கோர்ட்டு வேலையைத் தள்ளிப் போட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 108-ஐ அழையுங்கள்.

நினைவில் வைக்க

• கர்ப்பம் விவாகரத்தைத் தடுக்காது. விவாகரத்து தகப்பன் உறவை அறுக்காது.
• திருமணம் முறிந்து 280 நாளுக்குள், தாய் மறுமணம் செய்யாமல் இருக்கையில் பிறந்த குழந்தை, அந்தக் கணவனின் குழந்தை.
• மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.
• படிக்காத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது.
• தேதி சொல்லும் அட்டையையும் ஸ்கேனையும் பத்திரமாக வைக்க வேண்டும்.
• பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் சரியாக இருக்க வேண்டும்.

இதைப் படித்தவர்கள் படிக்கத் தெரியாத சகோதரிகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். உங்கள் தெருவில் இப்படி ஒரு பெண் தனியாகத் தவித்துக்கொண்டிருந்தால், அடுத்த பரிசோதனை நாளில் அவளை நர்சம்மாவிடம் அழைத்து வாருங்கள். அவளுடைய தாள்களையும் கூடவே எடுத்து வரச் சொல்லுங்கள்.